மாற்றி எடுத்த பொட்டலம்

ஆகஸ்ட் 18, திங்கள்

கேட்டுவிட்டேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து பால் கணக்குக்குக்கூட ஆகாமல் மேசையில் கிடந்தது. இன்றுதான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. கோவில்பட்டியில் ஒரு மகளிர் கல்லூரியில் காலம் காலமாகப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருக்கும், நாற்பத்தொன்பது வயதுப் பிரம்மச்சாரியான ஆறுமுகநயினார் ஆகிய நான், எங்கள் கல்லூரி பி.டி. மேடம் சுந்தரவடிவிடம், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில், கீரைக்காரி பக்கத்தில் நிற்கும்போது. வேறு நல்ல இடம் கிடைக்கவில்லையா என்று என்னை நானே வைதுகொண்டேன்.

அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டார். "அத்தைகிட்ட கேக்கணும் சார்" என்றார். அப்புறம் பஸ் வந்துவிட்டது.

அத்தை என்றால் மாமியார், பேச்சியம்மாள். வடிவின் கணவர் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்கு வா என்று அண்ணன்மார் கூப்பிட்டும் போகாமல் மாமியாரோடேயே இருந்துவிட்டார். ஊரில் பலர் அவர்களைத் தாயும் மகளும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லை என்று சொல்லவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும். இல்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதில் இல்லை. சட்டைக் காலர் நைந்துவிட்டதால் புதிதாக இரண்டு எடுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஆகஸ்ட் 20, புதன்

முதன்முதலில் அவரோடு பேசியதே ஒரு சண்டைதான். போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால். எங்கள் அணி வரிசையாக எல்லா டாஸையும் தோற்றுக்கொண்டு வந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால், இவ்வளவு தோற்றாயிற்று, இந்த முறை நமக்குத்தான் விழும் என்று வடிவு பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் குறுக்கே போய், மேடம், காசுக்கு ஞாபகசக்தி கிடையாது, முன்னால் எத்தனை தோற்றாலும் இப்போதும் பாதிக்குப் பாதிதான் என்றேன்.

"காசுக்கு இல்லாட்டி என்ன சார், எனக்கு இருக்கே" என்றார்.

அந்த டாஸை ஜெயித்தார்கள். அது எதையும் நிரூபிக்கவில்லை என்று பல தடவை விளக்கிவிட்டேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விளக்கத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டு போவதில் எனக்கும் சம்மதம்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதில் வந்தது. என்ன பதில்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

பேச்சியம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மனிடம் பூக்கேட்கச் சொல்லிவிட்டாராம். அம்மன் என்ன சொல்கிறாளோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன், நீயும் கட்டுப்படு என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். ஆவணிக் கடைசி வெள்ளிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற செல்லியாரம்மன் கோயில். மூன்று பொட்டலம் வைப்பார்கள். ஒன்றில் செவ்வரளி, இரண்டில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். மற்ற ஊரில் எல்லாம் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை வைத்துப் பாதிக்குப் பாதியாவது தருவார்கள். இங்கே இரண்டு வெள்ளை. லேசில் இறங்காத அம்மன் என்று அதிலே ஒரு பெருமை வேறு.

என் மிச்ச வாழ்க்கை மூன்றில் ஒரு பங்கு. என் மாணவிகளுக்கு இந்த வாய்ப்பை வைத்து ஒரு கடலைமிட்டாய்க்குக்கூடப் பந்தயம் கட்டாதீர்கள் என்று சொல்வேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, எதிரியின் முறையைத் தெரிந்துகொள்ள. கல்யாணம், கிணறு வெட்டுவது, மகனைத் துபாய்க்கு அனுப்புவது என்று வரிசையாக வந்து கேட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்தேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. கேட்க வந்தவர் மூன்றில் ஒரு பொட்டலத்தைத் தொடுகிறார். உடனே அதைப் பிரிப்பதில்லை. பூசாரி மற்ற இரண்டில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறார். வெள்ளை. அப்புறம் கேட்கிறார்: "தொட்டத வச்சுக்கிடுதியா, மாத்திக்கிடுதியா?" சாமி நம்மைக் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டது என்று பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்திலேயே ஏற்பட்ட வழக்கமாம்.

ஒருத்தர்கூட மாற்றவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, ஆத்தா கைக்குக் காட்டினதைத் தட்டிவிடுவார்களா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வேர்க்கடலை தொண்டையில் நின்றது. இது நான் வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற புதிர். அச்சு அசலாக அதேதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மறுபடி கோயில். பூசாரி சங்கிலிமாடன் என்னை, நாத்திகன் திருந்திவிட்டான் என்பதுபோலப் பார்த்தார். பொட்டலம் கட்டுவது அவர்தானா, எது எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்று நைசாகக் கேட்டேன். கட்டுவது அவர்தானாம். பிரிக்கும்போது அம்மன் காட்டுகிற பொட்டலத்தைப் பிரிக்கிறாராம். சிரிக்காமல் சொன்னார். அவரிடமிருந்து ஒன்றும் கறக்க முடியாது.

ஆனால் அதுதான் முழு விஷயமும். அவர் தெரிந்து பிரிக்கிறாரா, தெரியாமல் பிரிக்கிறாரா? தெரியாமல் பிரித்து, தற்செயலாக வெள்ளை வந்திருந்தால், மீதி இரண்டும் சமம். மாற்றினாலும் ஒன்றுதான், வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். தெரிந்தே வெள்ளையைத் தேடிப் பிரிக்கிறார் என்றால் கதையே வேறு. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே காட்சி, அதே மூன்று பொட்டலம், அதே வெள்ளைப் பூ. ஒரு மனிதன் மனதில் என்ன இருக்கிறது என்பதை வைத்து எண்ணே மாறிவிடுகிறது. இத்தனை வருடம் நடத்தியும் இது எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத இடம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வடிவும் நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று போர்டு. இருபது நிமிடமாக ஒன்றும் வரவில்லை. நமக்கு மட்டும் ஏன் சார் எப்பவும் இப்படி என்றார். பஸ்கள் சீராக வராது, இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் பெரிய இடைவெளி விழும். நிற்பவர் பெரிய இடைவெளியில் மாட்டத்தான் வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். இத்தனை நாள் இந்த உண்மையைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இன்று இன்னும் ஒரு பஸ் தாமதமானாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இதுவரை இருபது பேர் கேட்டதைப் பார்த்துவிட்டேன். பூசாரி பிரித்ததில் ஒருமுறைகூடச் சிவப்பு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற ஆளுக்கு இப்படி அமைவது பத்தாயிரத்தில் மூன்று. மனுஷனுக்குத் தெரியும். சந்தேகமே இல்லை, தெரியும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயில் வாசலில் நின்று சிரித்திருக்கிறேன். செருப்பு பார்த்துக்கொள்பவர் என்ன என்று கேட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

விளையாட்டு அறைக்கு மூன்று எவர்சில்வர் டம்ளரையும் ஒரு கடலைமிட்டாயையும் எடுத்துக்கொண்டு போனேன். வடிவு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் அவருக்குத் தெரியாமல் மிட்டாயை வைத்தேன். அவர் ஒன்றைத் தொட வேண்டும், நான் மற்றதில் காலி டம்ளர் ஒன்றைத் திறந்து காட்டுவேன், மாற்றலாமா கூடாதா?

மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன, இருப்பது இரண்டு, பாதிக்குப் பாதிதானே என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விளையாடிப் பாருங்கள் என்றேன். முதலில் மாற்றாமல் விளையாடினார், பெரும்பாலும் தோற்றார். பிறகு மாற்றி மாற்றி விளையாடினார். பாதிக்கு மேல் ஜெயித்துக்கொண்டே போனார். அவர் முகம் இப்படி மாறியதை இதற்கு முன் மைதானத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சொன்னேன். முதலில் தொட்டது சரியாக இருப்பது மூன்றில் ஒரு தடவைதான். மற்ற இரண்டு தடவையும் மிட்டாய் நீங்கள் தொடாத பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிற காலியை, தெரிந்த ஆள் நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன். மீதி நிற்பதில் மிட்டாய் இருக்கும். அதனால் மாற்றினால் மூன்றில் இரண்டு. பூசாரியும் தெரிந்துதான் பிரிக்கிறார். அன்றைக்கு நீங்கள் எதைத் தொட்டாலும் சரி, மாற்றிவிடுங்கள்.

ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மிட்டாயை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

"எனக்குச் செவப்புதான் வேணும்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

பந்துகளை வலையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அவர் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்டதே, என்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்றுதான். உங்களுக்கு விருப்பமா என்று கேட்கவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கைக் கண்டுபிடித்த மடையன் இதைக் கோட்டைவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். பி.டி. மேடம் லீவு என்றார்கள். ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன், அப்படியே குடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பஸ் ஸ்டாப்பில் அவரே வந்து பக்கத்தில் நின்றார். பஸ் வரும் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

அத்தை ஏன் அம்மனிடம் தள்ளிவிட்டார் தெரியுமா என்று கேட்டார். அவர் வாயால் போ என்று சொன்னால், மகன் செத்ததும் மருமகளைத் துரத்திவிட்டாள் என்று சொந்தம் சொல்லும். போகாதே என்று சொன்னால், தன் சுயநலத்துக்காகப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று அவர் மனசே சொல்லும். இரண்டும் வேண்டாம் என்றுதான் பூ. பூக்கேட்க நாள் குறித்ததிலிருந்து அத்தை ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். இவர் எதிரில் உட்கார்ந்து ஊட்டிவிடாத குறையாம்.

கல்யாணம் என்று நினைத்த நேரமெல்லாம் நான் இரண்டு பேரை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். அவர்கள் வீட்டிலேயே ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தையை விட்டுவிட்டு வரச்சொல்லி நான் கேட்கவில்லை, அவருக்கும் சேர்த்துத்தான் என் வீடு என்று சொன்னேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். சொல்ல மனமே இல்லை.

"மேடம், அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். செவப்பு வேணும்னா மாத்துங்க. வெள்ளை வேணும்னா தொட்டதையே வச்சுக்கோங்க. அதுக்கும் மூணுல ரெண்டு வாய்ப்பு இருக்கு."

அவர் முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

இந்த ஊரில் யாரும் மாற்றுவதில்லை. அவரும் வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கு மட்டும் பதில் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளைக்குப் புதுச் சட்டை போடுவதா பழையதா என்று ஒரு மணி நேரம் நின்றேன். என்னைப் போல ஒரு கோட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெள்ளை.

செப்டம்பர் 13, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

கூட்டம் அதிகம். நான் பின்னால் தூணோரம் நின்றேன். வடிவு பச்சைச் சேலை கட்டியிருந்தார், விசில் இல்லாத கழுத்தோடு வேறு யாரோ போல இருந்தார். பேச்சியம்மாள் பக்கத்தில். சின்ன உருவம், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வடிவு நடுப் பொட்டலத்தைத் தொட்டார். சங்கிலிமாடன் இடப்பக்கத்தைப் பிரித்தார். வெள்ளை. அவர் வழக்கம் போலக் கேட்டார், வைத்துக்கொள்கிறாயா மாற்றிக்கொள்கிறாயா என்று.

வடிவு முதலில் அத்தையைப் பார்த்தார். பிறகு பொட்டலங்களைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பூசாரி இரண்டாம் முறை கேட்டார். அப்போது அவர் கை நடுப் பொட்டலத்திலிருந்து எழுந்து, வலப்பக்கம் போய், அங்கே இருந்ததை எடுத்தது.

கூட்டத்தில் சளசளப்பு. மாத்திட்டாளே, மாத்திட்டாளே என்றார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி நனைந்தது. சிவப்பு வேண்டுமென்றால் மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாற்றினார். இத்தனை பேர் முன்னால், சாமி முன்னால், மாமியார் முன்னால் மாற்றினார். அந்த நொடியில் பொட்டலம் ஒன்று பிரிக்கப்படாமல் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பிரித்தார்கள். நந்தியாவட்டை.

முதலில் தொட்டதையும் பூசாரி பிரித்துக் காட்டினார். செவ்வரளி. ஆத்தா கையில் கொடுத்ததைத் தட்டிவிட்டாளே பாவி என்று ஒரு குரல் கேட்டது. வடிவு அந்த வெள்ளைப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேச்சியம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

என் கணக்கில் தப்பில்லை. மூன்றில் இரண்டு என்றால் மூன்றும் அல்ல; அந்த மீதி ஒன்று எங்கேயாவது ஒரு நாள் யாருக்காவது நடந்துதான் தீர வேண்டும். இதைப் போர்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் மற்றவர்களைப் போல வைத்துக்கொண்டிருப்பார், சிவப்பு வந்திருக்கும். அவர் அம்மனிடம் என்னைத்தான் கேட்டார், அதை நானே கெடுத்தேன். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் போய் ஆறுதல் தேடுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை பத்து மணி இருக்கும். துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சியம்மாள். பின்னால் வடிவு, தரையைப் பார்த்துக்கொண்டு. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி, நாற்காலியில் கிடந்த பேப்பர்களை அள்ளி உட்காரச் சொன்னேன். பேச்சியம்மாள் உட்கார்ந்தார். வடிவு ஜன்னலோரம் நின்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மாற்றச் சொன்னது நான்தான், அவர் மீது தப்பில்லை, மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுத்தான் என்று உளறிக்கொண்டே போனேன். பேச்சியம்மாள் கையை உயர்த்தினார்.

"உங்க கணக்கு கெடக்கட்டும், வாத்தியாரய்யா. நான் ஒண்ணு கேக்கேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மாத்தினா செவப்பு வர நெறைய வழி இருக்குன்னு இவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"வச்சுக்கிட்டா வெள்ளைக்கு வழி இருக்குன்னும் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சுதான் மாத்தியிருக்கா."

அவர் வடிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். இந்தப் பதினோரு வருடத்தில் இவள் தனக்கு என்று ஒரு சாமானைக் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் எதுன்னாலும் சரி அத்தை என்பாள். கறி எடுக்கவா மீன் எடுக்கவா என்றால் உங்களுக்கு எது பிடிக்கும் என்பாள். மகன் போன துக்கத்தைவிட, இந்தப் பிள்ளை ஆசையே இல்லாமல் கிடக்கிறதே என்கிற துக்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்ததாம். பூக்கேட்கச் சொன்னபோதுகூட, இவளுக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"வெள்ளிக்கெழமதான் பாத்தேன். அம்புட்டு சனத்துக்கு முன்னால கைய நீட்டி, இது வேணும்னு எடுத்தா. பூவ நான் பாக்கல. அந்தக் கையத்தான் பாத்தேன்."

வடிவு அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் எழுந்து போகவா உட்காரவா என்று தெரியாமல் பாதியில் நின்றேன்.

வெள்ளைதானே வந்தது, கட்டுப்படுவதாகச் சொன்னோமே அத்தை என்று வடிவு கேட்டார். அம்மனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்றார்.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் மருமகளின் முகத்தை அழுத்தித் துடைத்தார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குத் துடைப்பது போல.

"அவகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போயி மூஞ்சியக் கழுவிட்டு வா."

வடிவு பின்கட்டுக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் எழுந்து என் வீட்டை ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்குப் பார்த்த அறையில் நான் அடுக்கி வைத்திருக்கும் விடைத்தாள் கட்டுகளைக் காட்டி, இதையெல்லாம் எப்போது காலி பண்ணுவீர்கள் என்று கேட்டார். இன்றைக்கே என்றேன். மத்தியானத்துக்குள் பாதி காலி பண்ணிவிட்டேன்.